பரீட்சைக்குப் போன நெஞ்சு

பெடாஸ் பக்கத்துத் ரப்பர்த் தோட்டமொன்றில் தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக்கொள்கிற அந்தோணிதாஸை அங்கே யாரும் பெரிய மனிதராக எண்ணியதில்லை. எண்ணும்படி அவரும் எதையும் செய்துவைக்கவில்லை. விடிந்ததும் பம்பைத் திறப்பார், பத்து மணிக்கு மூடுவார், சாயங்காலம் மறுபடி திறப்பார். மாதா கோயில் திருவிழா வந்தால் நாற்காலி அடுக்குவார். யாராவது அரசியல் பேசினால் தலையாட்டுவார். அவ்வளவுதான் மனுஷன்.

ஆனால் இந்த நாட்டில் இன்று ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிற டாக்டர்களில் இருநூறு பேருக்காவது அவருடைய நெஞ்சைத் தெரியும். முகம் மறந்திருக்கும், பெயர் மறந்திருக்கும், நெஞ்சை மட்டும் மறந்திருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் அவர்கள் பரீட்சையில் பாஸானார்கள், அல்லது கோட்டை விட்டார்கள்.

விஷயம் இதுதான். ஒன்பது வயதில் அந்தோணிதாஸுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முட்டி இரண்டும் வீங்கின. தோட்டத்து டிரஸ்ஸர் சிவப்பு மருந்து கொடுத்தார், பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் இதயத்துக்குள் இருக்கும் வால்வு ஒன்றைத் தடிக்கச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அது யாருக்குத் தெரியும்? பையன் வளர்ந்தான், பால் மரம் வெட்டிப் பால் எடுத்தான், பெர்னதெத்தைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானான். நாற்பத்தொன்றாவது வயதில் மேட்டு நிரை மரங்களுக்குப் பால் வாளியோடு ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சோம்பேறித்தனம் என்றார். டிரஸ்ஸர் மட்டும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு வாசலில் நீளமாக வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. தோட்டத்தில் அதை வாசித்தவர் யாருமில்லை. ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் வேன்காரர் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார், அது போதாதா? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து கற்றுக்கொள்கிற ஆஸ்பத்திரி அது. அங்கே டாக்டர் ஜீவானந்தன் இருந்தார். சிலோன்காரக் குடும்பம், தாத்தா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. அப்போது அவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தது. அந்தோணிதாஸின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு சிரித்தார். பிறகு வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்படி ஒரு சத்தமாம். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி, ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்குமாம். லேசில் கிடைக்காதாம். பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கேட்டு, கண்ணை அகல விரித்து நிமிர்ந்தார்கள். அந்தோணிதாஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் சிரிக்கிறார் என்றால் பெரிய நோவு இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இருபத்துமூன்று வருஷம். மாதாமாதம் கிளினிக், வேளாவேளைக்கு மாத்திரை, மேட்டு நிரை வேண்டாமென்று பம்பு வேலை. வருஷத்துக்கு இரண்டு தரம் பரீட்சை. பரீட்சை என்றால் மாணவர்களுக்கு. அந்தோணிதாஸ் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் படுத்திருப்பார். ஒவ்வொருவராக வந்து நெஞ்சைக் கேட்டு, இன்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஐந்து பேர். முடிந்ததும் ஒரு பொட்டலம் நாசி ஆயாம் கோழிச் சோறும் ஒரு போத்தல் தண்ணீரும் கொடுத்து, பெரிய டாக்டர் ‘தேங்க் யூ’ சொல்லிக் கை குலுக்குவார். அந்தக் கையை அந்தோணிதாஸ் அன்று முழுவதும் கொஞ்சம் தள்ளியே வைத்திருப்பார் என்று பெர்னதெத் கேலி செய்வாள்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. படிக்கிற பிள்ளைகளிடம் நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ‘உங்களுக்கு என்ன, அங்கிள்?’ என்று அவர்கள் தூண்டில் போட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தோணிதாஸ் திறந்ததில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் சத்தம் நன்றாகக் கேட்கும். சில பிள்ளைகள் பதற்றத்தில் திரும்பச் சொல்ல மறந்துவிடும். அப்போது மட்டும் அவருக்கு முதுகு அரிக்கும். சொறிந்துகொள்கிற சாக்கில் தானே திரும்பிப் படுப்பார். இதைத் திருட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பரீட்சையில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் புதிதாக மாத்திரையைக் கூட்டியிருந்தார், உடம்பு நன்றாக இருந்தது, சத்தம் அடங்கிவிட்டது. ஐந்தில் மூன்று பேர் தடுமாறினார்கள். வெளியே வந்தபோது, தூடோங் துணியால் தலையை மூடிய ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அந்தோணிதாஸுக்கு நாசி ஆயாம் இறங்கவில்லை. வீட்டுக்கு அழைத்த விருந்தாளிக்கு உப்பில்லாத சோற்றைப் போட்டு அனுப்பியது போல் இருந்தது.

அதன் பிறகுதான் அந்தக் காரியத்தைக் கண்டுபிடித்தார். மகள் பேறுகாலத்துக்குப் பெர்னதெத் போர்டிக்சன் போயிருந்த சமயம், மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் மூன்று நாள் தண்ணி மாத்திரையை மறந்துவிட்டார். உடம்பில் தங்கும் நீரைச் சிறுநீராக இறக்கிவிடுகிற மாத்திரை அது. கால் கொஞ்சம் வீங்கியது. அந்த வாரம் கிளினிக்கில் குழாயை வைத்த டாக்டர், “என்னப்பா இது, இன்னைக்கு இவ்வளவு தெளிவா கேக்குது!” என்றார். சொன்னவர் சும்மா சொன்னார். கேட்டவர் சும்மா கேட்கவில்லை. அன்று முதல் பரீட்சை வந்தால் மூன்று நாளுக்கு முன்பே தண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவார். கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்துவிடுவார். பெர்னதெத்துக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. இதனால் பாஸான பிள்ளைகளுக்கும் தெரியாது. புத்தி கெட்ட காரியம்தான். ஆனால் அதைச் செய்ய எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்று யோசித்தால், திட்ட வாய் வருவதில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரி மாறிக்கொண்டிருந்தது. முதலில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றித் தகரத்தை அடித்தார்கள். அடுத்த பரீட்சைக்குப் போனபோது தகரத்துக்குப் பின்னால் கிணறு மாதிரி பள்ளம். அதற்கடுத்த தடவை பள்ளத்திலிருந்து தூண்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு மாடி, மூன்று மாடி கூடியது. மற்றவர்கள் வருஷத்தை நாள்காட்டியில் பார்ப்பார்கள், அந்தோணிதாஸ் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு மாடி முடிந்து கண்ணாடி மாட்டியபோது, ராசா ஊர்ப் பக்கமிருந்து வரும் பஸ்ஸிலேயே அது தெரிந்தது. தோட்டத்துக்குத் திரும்பி வந்து, “மேகம் அதுலதான்லா தெரியுது, மானத்துல தெரியல” என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வருஷப் பரீட்சை புதிய கட்டடத்தில் என்று கடிதம் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கட்டடத்தில் முதல் பரீட்சை. பழைய நெஞ்சு, புது இடம், அதில் சத்தம் குறைந்தால் மானம் என்ன ஆவது? இந்தத் தடவை மூன்று நாள் போதாது என்று ஒரு வாரத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்தினார். போதாக்குறைக்கு மழை பெய்கிறது என்று பெர்னதெத் நெத்திலிக் கருவாட்டுச் சம்பல் செய்தாள், இரண்டு நாள் அதையே ஒரு பிடி பிடித்தார். உப்பு ஆகாது என்று டாக்டர் நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

பரீட்சையன்று காலை மாதா கோயில் கெபியில் ஐந்து மெழுகுவத்தி ஏற்றினார், பிள்ளைக்கு ஒன்றாக. பக்கத்து வீட்டுச் சன்னாசி தன் காரில் கணவன் மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஐந்து மாடி உயரத்துக்குக் கூரையே கிடையாது. தலையை அண்ணாந்து பார்த்தால் மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே வானம். ஏறு என்று சொல்லாமலே ஏற்றிக்கொண்டு போகிற படிக்கட்டு. எங்கே போனாலும் கூடவே வருகிற குளிர். மருந்து வாடை மருந்துக்குக்கூட இல்லை. தோட்டத்துச் சனம், பட்டணத்துச் சனம், மலாய்க்காரர், சீனர் என்று ஆயிரம் பேர் நடமாடியும் யாரும் இரைந்து பேசவில்லை, கோயிலுக்குள் வந்தது போல் எல்லாருக்கும் குரல் தானாகத் தாழ்ந்திருந்தது. அந்தோணிதாஸ் நடு ஹாலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்மைப் போன்றவர்களுக்கா இதைக் கட்டியிருக்கிறார்கள் என்ற நினைப்பில் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கியது. பிரமிப்பில்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

“என்னாங்க, ஒதடு ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?” என்றாள் பெர்னதெத்.

“ஏர்கான் குளுரு, பெர்னா. நீ இங்கயே ஒக்காரு, நான் பரீட்ச முடிஞ்சு வந்துர்றேன்.”

ஆறாவது மாடியில் பரீட்சை. திரை போட்ட தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், அருகில் இரண்டு பெரிய டாக்டர்கள். அவருடைய தடுப்பில் டாக்டர் ஜீவானந்தனே உட்கார்ந்திருந்தார், இப்போது தலை முழுதும் வெள்ளை. பார்த்ததும் லேசாகச் சிரித்தார். பரீட்சை நேரம் என்பதால் பேசவில்லை. மணி அடித்தது. முதல் பையன் வந்தான், கேட்டான், சரியாகச் சொன்னான். இரண்டாவது பெண்ணும் சொன்னாள். மூன்றாவது பையனும் சொன்னான். மூன்று மெழுகுவத்தி பலித்துவிட்டது என்று அந்தோணிதாஸ் கணக்கு வைத்தார். நெஞ்சுக்குள் யாரோ சாக்கு மூட்டையைத் தூக்கி வைத்தது போல் இருந்தது. இன்னும் இரண்டு பேர்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக வந்தவள் ரோகினி. போர்டிக்சன் பெண், மெலிந்த உடம்பு. நெஞ்சில் குழாயை வைத்தாள். எல்லாரும் ஒரே இடத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள், இவள் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் பார்த்தாள். முதுகுப்பக்கம் குழாயை வைத்துக் கேட்டாள். காலை அழுத்திப் பார்த்தாள், விரல் பதிந்த பள்ளம் நிரம்பவே இல்லை.

“அங்கிள்,” என்று குனிந்து கேட்டாள், “தண்ணி மாத்திரை கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”

அந்தோணிதாஸ் வாயை இறுக்கினார். சட்டம் சட்டம்தான்.

“அங்கிள், பரீட்சைக்காகக் கேக்கல. சொல்லுங்க, ப்ளீஸ். எப்ப?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மூச்சு இப்போது சீட்டியடித்தது.

ரோகினி நிமிர்ந்தாள். எதிரில் பரீட்சை வைக்கிற பேராசிரியர், அவர் எழுதுகிற ஒரு எண்ணில் அவளுடைய ஐந்து வருஷம் தொங்குகிறது. அவள் கோளாறின் பெயரைச் சொல்லவில்லை. “டாக்டர், நான் இதோட நிறுத்திக்கிறேன்,” என்றாள். “இவருக்கு லங்ஸ்ல தண்ணி ஏறுது. இப்பவே ஆக்சிஜன் வேணும்.”

டாக்டர் ஜீவானந்தன் ஒரே எட்டில் எழுந்து வந்தார். இருபத்துமூன்று வருஷமாக அவர் கேட்ட நெஞ்சு. குழாயை வைத்தவருடைய முகம் வெளுத்துப்போனது. திரையை இழுத்துத் தள்ளினார். நர்ஸ் மிஸ்ஸிகள் ஓடி வந்தார்கள், கட்டில் உருண்டது. ஆக்சிஜன் மூடியை முகத்தில் வைத்தபோதுதான் அந்தோணிதாஸ் வாயைத் திறந்தார்.

“மாத்திரைய நிறுத்திட்டேன், டாக்டர். ஒரு வாரமா. புள்ளைங்களுக்கு நல்லா கேக்கணும்ல.”

அதைக் கேட்ட டாக்டர் நடையை நிறுத்திவிட்டார். கட்டில் போய்விட்டது, அவர் நடுவழியில் நின்றார்.

எட்டாவது மாடி இதய வார்டில் இரண்டு நாளில் ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். மூன்றாம் நாள் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. ஜன்னலோரக் கட்டில். அங்கிருந்து பழைய ஆஸ்பத்திரியின் தகரக் கூரைகள் கீழே சின்னதாகத் தெரிந்தன, அதற்கப்பால் ரோடு, அதற்கப்பால் செம்பனைக் காடு. நாம் வாழ்ந்ததெல்லாம் இவ்வளவு சின்ன இடத்திலா என்று அந்தோணிதாஸ் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னதெத் மூன்று நாளாக அவரோடு பேசவில்லை. சோறு ஊட்டினாள், முகம் துடைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது.

டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அந்தோணி, ஒங்க பம்புல வால்வு பழுதானா என்ன செய்வீங்க?”

“மாத்துவேன், டாக்டர்.”

“எப்படி?”

“பம்ப நிறுத்திட்டுத்தான். ஓடும்போது எப்படிக் கழட்டுறது?”

“அதேதான். முன்னெல்லாம் இதுக்குக் கோலாலம்பூர் போகணும். மூணு தரம் எழுதிக் குடுத்தேன், மூணு தரமும் நீங்க போகல. இப்ப ரெண்டு மாடி மேல ஆப்பரேஷன் தியேட்டர் இருக்கு. ஒங்க ஹார்ட்ட நிறுத்தி, வால்வ மாத்தி, திருப்பி ஓட விடுவாங்க.”

அந்தோணிதாஸ் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “நிறுத்துவீங்களா? சுத்தமாவா?”

“ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் ஒரு மெஷின் ரத்தத்த ஓட்டும்.”

“அதுவரைக்கும் நான் எங்க இருப்பேன், டாக்டர்?”

முப்பத்தைந்து வருஷம் மருத்துவம் பார்த்தவர், ஆயிரம் மாணவர்களைக் கேள்வி கேட்டு மடக்கியவர், நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். “எனக்கும் தெரியாது,” என்றார். “ஆனா போனவங்கள்ல ரொம்பப் பேரு திரும்பி வந்திருக்காங்க. வராதவங்களும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். செய்யலன்னா ஒரு வருஷம் தாங்குறது கஷ்டம்.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேசைமேல் வைத்தார்.

“வால்வ மாத்துனா சத்தம்?”

“போயிரும்.”

“அப்ப வேணாம், டாக்டர்.”

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தோணிதாஸ் ‘சரி டாக்டர், சரி டாக்டர்’ என்று தலையாட்டினாரே தவிர, தாளைத் தொடவில்லை. டாக்டர் எழுந்து போனதும் பெர்னதெத்தின் மூன்று நாள் மௌனம் உடைந்தது.

“சத்தம் வேணுமா, புருஷன் வேணுமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கலியே! நாலு பேரு வந்து காது வச்சுக் கேட்டா போதும் ஒங்களுக்கு. நான் முப்பத்தேழு வருஷமா பக்கத்துல படுத்துக் கெடக்கேன்.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கிட்ட வேற என்னா இருக்கு, பெர்னா? படிப்பு இல்ல. ஒரு வேலையில பேரெடுத்தது இல்ல. இது ஒண்ணுக்குத்தான் பெரிய பெரிய ஆளுங்க என்னைய ‘சார்’ போட்டுக் கடிதம் எழுதிக் கூப்புடுறாங்க. அதையும் எடுத்துட்டா நான் சும்மா ஒரு ஆளு.”

பெர்னதெத் அந்தத் தாளை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இவ்வளவு நாள் கேலி செய்த காரியத்துக்குள் இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ரோகினி வந்தாள். வெள்ளைக் கோட் இல்லை, கையில் ஆரஞ்சுப் பழம். அவளைக் கண்டதும் அந்தோணிதாஸ் எழுந்து உட்கார்ந்தார்.

“பாஸாம்மா?”

“ரிசல்ட் இன்னும் வரல, அங்கிள்.”

“என்னாலதான் ஒனக்குக் கெட்டுப்போச்சு. கோளாறு பேரச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? கேட்டுச்சுதானே ஒனக்கு?”

“கேட்டுச்சு.” அவள் ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்தாள். “நீங்க கேட்டிருக்கீங்களா, அங்கிள்?”

“நானா?”

இருநூறு பேருக்கு மேல் கேட்டார்கள். இருபத்துமூன்று வருஷத்தில் குழாயின் மறுமுனையை இவர் காதில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. ரோகினி பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் காதுகளில் மாட்டினாள். வழக்கம் போல் அவர் இடப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுமுனையை நெஞ்சில் வைத்து, மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

அழகாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். பெரிய பெரிய டாக்டர்கள் கண்ணை மூடிக் கேட்டார்களே, மாதா கோயில் ஆர்மோனியம் போல் ஏதோ இருக்கும் என்று. அப்படி இல்லை. சுமையேற்றிய பழைய லாரி மழையில் மேட்டு ரோட்டில் ஏற முடியாமல் ஏறுகிற உறுமல் அது. ஒரு தட்டு, உடனே ஒரு திணறல். மறுபடி தட்டு, மறுபடி திணறல். நிற்கவில்லை. ஒரு தடவைகூட நிற்கவில்லை. இவர் சிரித்தபோதும் தூங்கியபோதும், கருவாட்டுச் சம்பல் தின்றபோதும், வாழைக்கு அடியில் மாத்திரையைப் புதைத்தபோதும் அது உள்ளே தனியாக, ஒருவரிடமும் முறையிடாமல், இப்படித்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது வயதிலிருந்து. ஐம்பத்தைந்து வருஷமாக.

அந்தோணிதாஸின் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தலையணையில் விழுந்தது.

“இவ்வளவு கஷ்டமா படுது?” என்றார்.

ரோகினி குழாயை அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு யாரும் சொல்லலியேம்மா. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. நானும் இத மேல மேல போட்டு அடிச்சிருக்கேன், இன்னும் சத்தமாக் கத்துன்னு.” நெஞ்சைத் தடவிக் கொடுத்தார், நாளெல்லாம் இழுத்து வந்து நிற்கிற மாட்டைத் தடவிக் கொடுப்பது போல. “போதும்யா. போதும்.”

பெர்னதெத் பேனாவை எடுத்து நீட்டினாள். அந்தோணிதாஸ் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும்.

அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. பெர்னதெத் பத்தாவது மாடியின் நாற்காலியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எந்த நேரத்தில் நிறுத்தினார்கள், எந்த நேரத்தில் திருப்பி ஓடவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் அவளுடைய கையிலிருந்த மணி ஒன்று நகர மறுத்துச் சற்று நேரம் அப்படியே நின்றது, பிறகு நகர்ந்தது என்று இன்றும் சொல்லுகிறாள். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஓய்ந்த இதயத்தை ஒரு மனிதக் கை மறுபடி ஓடவைக்கிறது என்பதை நம்புகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

டாக்டர் ஜீவானந்தன் தியேட்டர் உடுப்போடு வெளியே வந்தார். அறுத்தது அவரல்ல, உள்ளே நின்று பார்த்திருக்கிறார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்துமூன்று வருஷத்தில் கோலாலம்பூருக்கு இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெர்னதெத் பிளாஸ்க்கைத் திறந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீரை மூடியில் ஊற்றி அவருக்குக் கொடுத்தாள்.

ஆப்பரேஷன் முடிந்து ஆறாம் நாள் அந்தோணிதாஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது ரோகினி வந்தாள். பாஸாகிவிட்டாள். பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, கட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகக் குழாயை வைத்தாள். இந்தத் தடவை அவளும் கண்ணை மூடினாள்.

“இருக்கா?” என்றார் அவர்.

“இல்ல, அங்கிள். போயிருச்சு.”

“இப்ப எப்படி இருக்கு?”

“சாதாரணமா இருக்கு. எல்லாருக்கும் இருக்குற மாதிரி.”

கையை நீட்டினார். அவள் ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டினாள். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். திணறலைத் தேடினார். உறுமலைத் தேடினார். தட்டு, தட்டு. சின்ன இடைவெளி. தட்டு, தட்டு. இடையில் ஒன்றுமே இல்லை, விடியற்காலையில் ஆட்கள் யாரும் வருவதற்கு முன்னால் தோட்டம் இருக்குமே, அப்படி.

வார்டைச் சுற்றிப் பார்த்தார். தரை துடைக்கிற அம்மாவைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த மிஸ்ஸியைப் பார்த்தார், எதிர்க் கட்டிலுக்கு வந்திருந்த சீனக் குழந்தையைப் பார்த்தார், பெர்னதெத்தைப் பார்த்தார்.

“எல்லாருக்கும் உள்ள இவ்வளவு அமைதியாவாம்மா இருக்கும்?” என்றார்.

“ஆமா, அங்கிள்.”

அவர் வெகுநேரம் குழாயைக் காதிலிருந்து எடுக்கவில்லை.